முதல் வண்டி

மாணிக்கவாசகம் ஷ்ரவணை அடித்தது தேங்காயால். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வழக்கமான கடையில் தட்டிப் பார்த்து வாங்கிய இரண்டு தேங்காய்கள் துணிப்பையில் இருந்தன. பையின் காதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி வீசினார். இடது புருவத்துக்கு மேலே பட்டது. அப்பளக் கட்டுகள் அடுக்கியிருந்த பலகையின் மேல் சாய்ந்த ஷ்ரவண் பலகையோடு சேர்ந்து தரையில் விழுந்தான். ரத்தம் கண்ணுக்குள் இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது. மாணிக்கவாசகம் மறுபடியும் பையை ஓங்கினார். கடைக்காரர்தான் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தார்.

கூட வந்திருந்த சுந்தரவல்லி நடைபாதையிலேயே உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சுருட்டி ஷ்ரவணின் நெற்றியில் வைத்து அழுத்தினாள்.

"பையனுக்கு நெத்தி பொளந்து கெடக்கு, நீங்க பையக் கீழ வைக்காம நிக்கியளே சார்" என்றாள்.

அதன்பிறகுதான் அவர் பையைக் கீழே வைத்தார்.

சண்டை பதர்பூருக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஜூலா நகர் என்ற பொழுதுபோக்குப் பூங்காவைப் பற்றியது. அதை யார் ஒழுங்காக நடத்தினார்கள், செத்துப்போன முதலாளியா, இப்போது வந்திருக்கும் மேலதிகாரியா என்பதுதான் கேள்வி. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்களுக்கு வரவில்லை.

மாணிக்கவாசகம் விருத்தாசலத்துக்காரர். ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். மனைவி மகளின் பிரசவத்துக்கென்று சென்னை போய் அங்கேயே தங்கிவிட, கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். ஆபீசில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. சுந்தரவல்லிக்கும் அதே காலனிதான். தணிக்கை அலுவலகத்தில் வேலை, சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். ஷ்ரவண் மயூர் விஹாரில் பிறந்து வளர்ந்தவன். குர்கானில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து மற்றக் கம்பெனிகளின் லாப நஷ்டத்தை ஆராய்கிற வேலை. இந்த மூவரையும் சேர்த்துவைத்தது ஜூலா நகரின் வருடாந்திரப் பாஸ்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு மார்க்கெட்டில் சந்தித்துச் சாமான் வாங்குவார்கள், டிபன் சாப்பிடுவார்கள், மெட்ரோ பிடித்துப் பூங்காவுக்குப் போவார்கள். பவண்டர் என்ற ரோலர் கோஸ்டரின் வரிசையில் நின்றுகொண்டு நிர்வாகத்தைப் பற்றிச் சண்டை போடுவார்கள். கைக்கம்பி மடிமேல் விழுந்ததும் பேச்சை நிறுத்திவிட வேண்டும் என்பது அவர்களுக்குள் சட்டம். இறங்கியபின் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

பூங்காவைக் கட்டிய முதலாளியை எல்லோரும் பாவுஜி என்பார்கள். தினமும் கேட் திறக்குமுன் பவண்டரின் முதல் வண்டியில், முதல் சீட்டில், அவர் தனியாக ஏறி உட்காருவார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்வார். வண்டி ஏறி, விழுந்து, புரண்டு வந்து நிற்கும். இறங்கித் தலையை ஒருமுறை ஆட்டினால்தான் கேட் திறக்கும். வேலிக்கு வெளியே நின்று அதைப் பார்ப்பதற்காகவே மாணிக்கவாசகம் விடியற்காலையில் மெட்ரோ ஏறியிருக்கிறார். ஒருநாள் பாவுஜி வேலியருகே வந்து அவர் பெயரைக் கேட்டார். அடுத்த தடவை, "ஆவோ, மாணிக் பாபு" வாருங்கள் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

பாவுஜி இறந்ததும் பிள்ளைகள் பூங்காவை மும்பையில் இருக்கும் ஒரு முதலீட்டுக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அந்தக் கம்பெனி அனுப்பிய ஆள்தான் கௌஷிக். தமிழ்ப் பையன், அதுவும் மயூர் விஹார் பையன் என்று தெரிந்ததும் மாணிக்கவாசகத்துக்குத்தான் முதலில் சந்தோஷம். நம்ம பையன், சொன்னால் கேட்பான் என்று நான்கு பக்கத்துக்குத் தமிழில் கடிதம் எழுதினார். உதவியாளர் ஒருவரிடமிருந்து ஆங்கிலத்தில் இரண்டு வரி பதில் வந்தது. கேட் திறக்குமுன் முதல் வண்டியில் இப்போது யாரும் உட்காருவதில்லை. பவண்டரைப் பராமரித்த சொந்த ஆட்களை கௌஷிக் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலையைக் கான்ட்ராக்டில் விட்டார்.

அதைத்தான் அன்று மார்க்கெட்டில் மாணிக்கவாசகம் கொலைக்குச் சமம் என்றார். ஷ்ரவண் விடவில்லை. பாவுஜி காலத்தில் பூங்கா ஓடவில்லை, நஷ்டத்தில் தள்ளிக்கொண்டு போனார்கள் என்றான். டோலா ராட்டினத்திலிருந்து ஒரு பெண் விழுந்தாளே, அது பேப்பரில் வந்ததா, அமுக்கிவிடவில்லையா என்று கேட்டான். மாணிக்கவாசகம் அதற்கும் பதில் வைத்திருந்தார். ஷ்ரவண் அத்தோடு நிறுத்தவில்லை.

"உங்களுக்கு பார்க் வேணாம் அங்கிள். உங்களப் பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் வேணும். ஆபீஸ்ல யாரும் கூப்பிடல, அவர் கூப்பிட்டாரு. பஸ், அவ்ளோதான்."

அப்போதுதான் பை சுற்றியது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். போலீசுக்குப் போக வேண்டாம் என்று ஷ்ரவண் சொல்லிவிட்டான். ஆட்டோவில் ஏறும்போது கட்டுப் போட்ட தலையை வெளியே நீட்டி, "தேங்காயாவது உடைஞ்சுதா அங்கிள்?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அன்று வீடு திரும்பிய மாணிக்கவாசகம் மன்னிப்புக் கேட்கத்தான் போனைக் கையில் எடுத்தார். வாசகம் அமையவில்லை. அடித்தது தவறு என்று எழுதினால் சொன்னது சரி என்று ஆகிவிடும்போல இருந்தது. அதை அழித்துவிட்டு, பூங்கா ரசிகர்களின் பொதுக் குழுவில் இந்தியில் ஒரு வரி போட்டார். பஹலி காடி மே பைட்டோ. முதல் வண்டியில் உட்கார். உட்கார்ந்து காட்டு, பிறகு மற்றவர்களை உட்காரச் சொல் என்று கீழே விளக்கமும் எழுதினார். விளக்கத்தை யாரும் படிக்கவில்லை. அந்த ஒரு வரியை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழுவில் ரசிகர்கள் மட்டும் இல்லை. வேலை போன பவண்டர் ஆட்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் ஓம்பால். வண்டியைக் கிளப்புகிற பொத்தான் பலகையில் பல வருடம் நின்றவன்.

ஓம்பாலின் மைத்துனன் மட்டும் குறைந்த கூலிக்குக் கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அந்த வாரத்திலேயே, அவன் தண்டவாளத்தில் கை வைத்திருப்பது தெரியாமல் யாரோ வண்டியை நகர்த்திவிட்டார்கள். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. அவன் எங்கள் ஊழியன் அல்ல என்று பூங்கா சொன்னது. கான்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. பவண்டரை மூடினார்கள். கொஞ்ச நாளில், புது வர்ணத்தோடு ஞாயிறு காலை பவண்டர் மறுபடி திறக்கிறது, கௌஷிக்கே வந்து திறந்துவைக்கிறார் என்று விளம்பரம் வந்தது.

ஓம்பால் மாணிக்கவாசகத்தைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கு வாருங்கள் பாபு சாஹிப் என்றான். மாணிக்கவாசகம் போனார். சுந்தரவல்லி அவரைத் தனியாக விட மனமில்லாமல் கூடப் போனாள். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். கௌஷிக் எல்லோர் முன்னாலும் முதல் சீட்டில் உட்கார வேண்டும். இறங்கி வந்து தலையை ஆட்ட வேண்டும். அது நடந்துவிட்டால் ஷ்ரவணிடம் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று மெட்ரோவில் சுந்தரவல்லியிடம் சொன்னார்.

மே மாதத்து வெயில் காலையிலேயே ஏறியிருந்தது. கேட்டின் ஒரு பக்கம் டிக்கெட் வாங்கிய குடும்பங்கள், தண்ணீர் பாட்டிலும் தொப்பியுமாக. இன்னொரு பக்கம் வேலை போனவர்களும் அவர்கள் உறவுக்காரர்களும். அட்டைகளில் மாணிக்கவாசகத்தின் வரியைச் சிவப்பில் எழுதிப் பிடித்திருந்தார்கள். தன் வாசகத்தை அவ்வளவு பெரிய எழுத்தில் பார்த்ததும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அதை அவர் சுந்தரவல்லியிடம் சொல்லவும் செய்தார். அவள் கூட்டத்தில் சிலர் கையில் இருந்த இரும்புக் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கௌஷிக்கின் வெள்ளைக் கார் வந்தது. கூட்டம் சூழ்ந்துகொண்டது. யாரோ முன்கண்ணாடியில் செங்கல்லால் அடிக்க, அது வலைபோல் விரிசல் விட்டது. உள்ளே பின்சீட்டில் கௌஷிக். பக்கத்தில், நெற்றியில் பிளாஸ்திரியோடு ஷ்ரவண். ரசிகர்களின் பிரதிநிதியாகத் திறப்பு விழாவுக்கு அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். டிரைவர் பின்னால் எடுக்கப் பார்த்தார்; பின்னாலும் ஆட்கள். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன, கதவுகள் பூட்டியிருந்தன. இன்னும் சற்று நேரம் அப்படியே இருந்திருந்தால் பூங்காவின் காவலாளிகள் வந்து காரை உள்ளே தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள்.

மாணிக்கவாசகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கக் கண்ணாடியில் விரலால் தட்டினார்.

"தம்பி கௌஷிக், பயப்படாதீங்க. நாம பேசிக்கலாம். கண்ணாடியக் கொஞ்சம் எறக்குங்க."

இந்தியில் கத்திய அத்தனை குரல்களுக்கும் அசையாத கௌஷிக் அந்தத் தமிழுக்குத் திரும்பிப் பார்த்தார். நரைத்த தலை, ஆபீஸ் சட்டை, சட்டைப்பையில் பேனா. அவர் அப்பாவின் நண்பர்கள் எல்லோரும் இப்படித்தான் இருப்பார்கள். ஷ்ரவண் வேண்டாம் என்று கையைப் பிடித்தான். அதற்குள் கௌஷிக் பொத்தானை அழுத்திவிட்டார்.

கண்ணாடி முக்கால்வாசி இறங்குவதற்குள் மாணிக்கவாசகத்தின் தோளுக்கு மேலே ஓம்பாலின் கை நீண்டு உள்ளே போனது. கௌஷிக்கின் தலைமுடியைப் பிடித்தது. இன்னொரு கை பூட்டைத் திறந்தது. கதவு திறந்த வேகத்தில் மாணிக்கவாசகம் மல்லாந்து விழுந்தார். அவர் எழுந்திருப்பதற்குள் கௌஷிக் தரையில் கிடந்தார், சுற்றிக் கால்கள். செருப்புக் கால், பூட்ஸ் கால், வெறும் கால். வயிற்றில் விழுந்த உதைக்கு அவர் சுருண்டார், முதுகில் விழுந்த உதைக்கு நிமிர்ந்தார். குழாய் ஒன்று முழங்காலில் இறங்கிய சத்தம் கேட்டது. ஒருவன் அவர் வாயில் அட்டையைத் திணித்து, சாப்பிடு, இதைச் சாப்பிடு என்றான். ஷ்ரவண் வெளியே வந்து ஒருவனைப் பின்னாலிருந்து பிடித்தான். முகத்தில் முழங்கை வாங்கிக் காரின் சக்கரத்தருகே விழுந்தான். தையல் பிரிந்து மறுபடி ரத்தம் ஒழுகியது.

பூங்காவின் காவலாளிகள் ஓடிப்போய்விட்டார்கள். டிக்கெட் வாங்கியவர்களில் பாதிப் பேர் ஓடினார்கள், பாதிப் பேர் போனில் படம் எடுத்தார்கள். சுந்தரவல்லி போலீசை அழைத்து, அரைகுறை இந்தியில் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போதும், விடுங்க" என்று மாணிக்கவாசகம் தமிழிலும் இந்தியிலும் கத்தினார். அவரை அடையாளம் தெரிந்த ஒருவன் மரியாதையாகத் தள்ளி நிறுத்தி, இது உங்கள் வாசகம்தானே பாபு சாஹிப், கூட வந்து பாருங்கள் என்றான்.

கௌஷிக்கின் இரண்டு கால்களையும் பிடித்துக் கேட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். தலை சிமெண்டுப் பாதையில் தட்டித் தட்டிப் போயிற்று. பவண்டர் மேடைக்குப் படிக்கட்டு உண்டு. ஒவ்வொரு படியிலும் தலை இடித்தது. புது வர்ணத்தில் மின்னிக்கொண்டு வண்டி நின்றிருந்தது. கான்ட்ராக்டரின் ஆள் சாவியைப் பலகையிலேயே விட்டுவிட்டு மறைந்துவிட்டான். முதல் சீட்டில் கௌஷிக்கைத் தூக்கிப் போட்டுக் கைக்கம்பியை மடிமேல் அறைந்து இறக்கினார்கள். அடிபட்ட முழங்காலில் அது இறங்கியதும் அவர் அலறிய சத்தம் மேடைக் கூரையில் எதிரொலித்தது. கூட்டம் ஒரே குரலில் மாணிக்கவாசகத்தின் வரியைப் பாட்டுபோல் சொல்லத் தொடங்கியது.

மேடையின் பின்கோடியில் தள்ளப்பட்டு நின்ற மாணிக்கவாசகத்தின் கண் பழக்கத்தில் கடைசிப் பெட்டிக்குப் போனது. பவண்டரில் பின்னால்தான் தூக்கல் அதிகம் என்று அவர் எப்போதும் அங்கேயே உட்காருவார். தண்டவாளத்தை மேலிருந்து ஒரு சக்கரமும், பக்கத்திலிருந்து ஒன்றும், கீழிருந்து ஒன்றும் கவ்வியிருக்க வேண்டும். கீழே இருக்கும் சக்கரம்தான் பெட்டி மேலே எழும்பிப் பறந்துவிடாமல் பிடித்திருப்பது. கடைசிப் பெட்டியில் அது இல்லை. போல்ட் போடும் ஓட்டைகள் வெறுமனே இருந்தன. அவற்றின் மேலும் நீல வர்ணம் அடித்திருந்தார்கள்.

குனிந்து மறுபக்கமும் பார்த்தார். அங்கும் இல்லை. இரண்டாவது மேட்டில் கடைசிப் பெட்டி எழும்பும், முழு வண்டியையும் இழுத்துக்கொண்டு போகும். கீழே கான்க்ரீட் தூண்கள்.

பலகைக்கு ஓடிப்போய் ஓம்பாலின் சட்டையைப் பிடித்தார். கீழ்ச் சக்கரம் இல்லை, கிளப்பினால் ஆள் செத்துவிடுவான் என்றார். ஓம்பால் நிதானமாகத் திரும்பிப் பார்த்தான்.

"மாலூம் ஹை" என்றான். தெரியும்.

அதனால்தான் என்றான். காலையில் யாருக்கும் தெரியாமல் உள்ளே வந்து பார்த்துவிட்டானாம். இதில்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் வெளியே நிற்கிற குழந்தைகளை ஏற்றியிருப்பார்கள், இவரே ஏறட்டும், இதைத்தானே நீங்கள் எழுதினீர்கள் என்றான். பக்கத்தில் நின்றவர்களில் சிலர் அப்போதுதான் விஷயம் புரிந்து பின்வாங்கினார்கள். இரண்டு பேர் படியிறங்கியே போய்விட்டார்கள். மற்றவர்களுக்கு வெறிதான் கூடியது.

பாவுஜி இருந்தால் இப்படிச் செய்யவிட மாட்டார் என்று மாணிக்கவாசகம் கெஞ்சினார். அதற்கு ஓம்பால் சிரித்துவிட்டான். பாவுஜி ஏறுமுன் அதே வண்டியை நாங்கள் காலியாக மூன்று தரம் ஓட்டிப் பார்த்திருப்போம், அவர் உட்காருகிற பெட்டியைத் தனியாகத் துடைத்து வைப்போம், அது அவருக்கும் தெரியும், வேலிக்கு வெளியே நின்ற உங்களுக்குத்தான் தெரியாது என்றான். பிறகு அவர் கையைச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டு, மார்பில் ஒரு தள்ளுத் தள்ளினான். சாவியைத் திருப்பினான்.

கீழே விழுந்த இடத்திலிருந்து மாணிக்கவாசகம் பார்த்தது வரிசைக் கேட்டுகளை. ஒவ்வொரு சீட்டுக்கும் எதிரே இடுப்பளவு உயரத்தில் ஒரு இரும்புக் கதவு. ஆட்கள் ஏறியபின் காற்றழுத்தத்தில் எல்லாம் ஒன்றாகச் சாத்திக்கொள்ளும். ஒன்று சாத்தாவிட்டாலும் பலகையில் பச்சை விளக்கு எரியாது, வண்டி கிளம்பாது. பாவுஜி காலத்தில் அங்கே கயிறுதான் கட்டியிருக்கும். இந்தக் கதவுகள் கௌஷிக் வந்தபின் போட்டவை. காசைக் கரியாக்குகிறான் என்று அதற்கும் மாணிக்கவாசகம் குழுவில் எழுதியிருந்தார்.

கதவுகள் உஸ்ஸென்று சாத்திக்கொள்ளத் தொடங்கின. அவர் தவழ்ந்து போய்க் கடைசிக் கேட்டின் இடுக்கில் இடது முன்கையை வைத்தார்.

இரும்பு கையைக் கவ்வியது. பலகையில் விளக்கு சிவப்பாகவே நின்றது. ஓம்பால் பொத்தானை அழுத்தினான், மறுபடி அழுத்தினான், பிறகு திரும்பிப் பார்த்தான். இரண்டு பேர் ஓடிவந்து மாணிக்கவாசகத்தின் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவர் வலது கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டார். ஒருவன் முகத்தில் குத்தினான், மூக்கு உடைந்தது. இன்னொருவன் விலாவில் உதைத்தான். கை வரவில்லை. எடுக்கவில்லை என்றால் சாத்து என்று யாரோ சொன்னார்கள். கதவின் மறுபக்கம் போய் இரண்டு பேர் சேர்ந்து காலால் மிதித்தார்கள். முதல் மிதியில் தோல் கிழிந்தது. அடுத்ததில் எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே தெளிவாகக் கேட்டது. முன்கை மூட்டே இல்லாத இடத்தில் மடங்கியது. கதவு இன்னும் சாத்திக்கொள்ளவில்லை.

"கை எடுங்க சார், செத்துருவீக" என்று சுந்தரவல்லி படியில் நின்று கத்தினாள். அவர் எடுக்கமாட்டார் என்று தெரிந்ததும் மேலே வந்து, கதவை மிதித்துக்கொண்டிருந்தவனின் காதைப் பல்லால் கவ்வினாள். அவன் அலறிக்கொண்டு அவளைச் சுவரில் மோதினான். அவள் விடவில்லை. அவள் வாயெல்லாம் ரத்தம்.

அப்போது ஷ்ரவண் வந்தான். ஒரு கண் மூடியிருந்தது. நடந்தது எதையும் கேட்கவில்லை. கேட்டில் மாட்டிய கையையும் சிவப்பு விளக்கையும் பார்த்தான். அவனுக்கு அது போதும், எத்தனையோ தடவை அந்த மேடையில் நின்றவன். பக்கத்துக் கேட்டைத் தோளால் நெட்டித் திறந்து, தன் காலை உள்ளே விட்டு, மாணிக்கவாசகத்தின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். அதன்பின் விழுந்த அடிகள் அவன் முதுகில் விழுந்தன. குழாயடி ஒவ்வொன்றும் அவன் உடம்பு வழியாக அவருக்கு வந்து சேர்ந்தது.

"கால்விரல மடக்கி வச்சுக்கப்பா" என்றார் மாணிக்கவாசகம்.

"நீங்க பேசாதீங்க அங்கிள்."

ஓம்பால் பலகையை விட்டு இறங்கி வந்தான். முறிந்த கையைப் பார்த்தான். அவன் மைத்துனனின் கை ஞாபகம் வந்ததோ என்னவோ, மிதித்துக்கொண்டிருந்தவனைப் பிடித்து நிறுத்தினான். நிறுத்திய நிலையிலேயே யோசித்துக்கொண்டு நின்றான். அதற்குமேல் யோசிக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

போலீஸ் இரண்டு பக்கப் படியிலும் ஏறி வந்தது. யார் என்ன என்று பார்க்கவில்லை. லத்தி முதலில் கிடைத்த தலையில் இறங்கியது. ஆட்கள் மேடையிலிருந்து தண்டவாளத்துக்குக் குதித்தார்கள். குதித்தவர்களில் ஒருவன் காலை உடைத்துக்கொண்டு அங்கேயே கிடந்தான். சுந்தரவல்லிக்குத் தோளில் ஒரு அடி. ஓம்பாலை நான்கு பேர் பலகையோடு சாய்த்து, விழும்வரை அடித்தார்கள், விழுந்தபின்னும் அடித்தார்கள். தாடை உடைந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. அவனை அடிக்காதீர்கள், அவன்தான் கம்பியைத் திறக்க வேண்டும் என்று மாணிக்கவாசகம் கத்தினார். யாரும் கேட்கவில்லை.

முதல் சீட்டில் கௌஷிக் தலை தொங்கிக் கிடந்தார். கைக்கம்பி முழங்காலில் அழுந்திக்கொண்டே இருந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் அதைத் தூக்கிப் பார்த்தார்கள், அசையவில்லை. பெட்டிக்குப் பின்னால் தரையை ஒட்டி ஒரு மிதி இருக்கும் என்று மாணிக்கவாசகம் படுத்த நிலையிலேயே ஷ்ரவணுக்குச் சொன்னார். ஷ்ரவண் நொண்டிக்கொண்டு போய், முழு எடையையும் போட்டு மிதித்தான். கம்பி மேலே போனது. கௌஷிக் அவன் மேல் சரிந்தார்.

கௌஷிக் மேடையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பல் ஒன்று உதட்டில் ஒட்டியிருந்தது. அதை எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். சுற்றிலும் இருந்தவர்களைப் பார்த்து, எதற்கு இந்த வண்டி, ஏன் இதில் ஏற்றினார்கள் என்று கேட்டார். ஷ்ரவண் கடைசிப் பெட்டியைக் காட்டினான். கௌஷிக் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து அங்கே போனார். தரையில் படுத்து, தலையை இடுக்கில் விட்டுப் பார்த்தார். சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் கையை விட்டுத் தடவினார். வெளியே எடுத்த விரல்களில் நீல வர்ணம் ஒட்டியிருந்தது. அங்கேயே வாந்தி எடுத்தார்.

"எனக்கு யாரும் சொல்லல" என்றார் தமிழில்.

"நீங்க ஏறிப் பார்க்கலையே தம்பி" என்றார் மாணிக்கவாசகம்.

கௌஷிக், போலீஸோடு வந்திருந்த இன்ஸ்பெக்டரின் போனை வாங்கி, கேட்டில் இருந்தவனைக் கூப்பிட்டு, பூங்காவை மூடு, பவண்டரை மட்டும் அல்ல, எல்லாவற்றையும் மூடு, பணத்தைத் திருப்பிக் கொடு என்றார். வார்த்தைகள் குழறியதால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. மறுமுனையில் மும்பையிடம் கேட்க வேண்டாமா என்று கேட்டிருப்பார்கள் போல. "நான் சொல்றேன்" என்று அழுத்திச் சொல்லிவிட்டு வைத்தார்.

இன்ஸ்பெக்டர் எழுதத் தொடங்கினார். காரிலிருந்து எப்படி வெளியே வந்தீர்கள் என்று கேட்டார். கௌஷிக் மாணிக்கவாசகத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"இவர் கண்ணாடியை இறக்கச் சொன்னார். இறக்கினேன்."

"சார், இவர் இல்லேன்னா நீங்க இப்ப உயிரோட இல்ல" என்றான் ஷ்ரவண்.

அதுவும் உண்மை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார் கௌஷிக்.

இன்ஸ்பெக்டர் மாணிக்கவாசகத்திடம் குனிந்து, நீங்கள்தான் கண்ணாடியை இறக்கச் சொன்னீர்களா, அட்டையில் இருக்கிற வரி உங்களுடையதா என்று கேட்டார். எதுவும் சொல்லாதீங்க சார், வக்கீல் வரட்டும் என்று சுந்தரவல்லி தடுத்தாள். மாணிக்கவாசகம் இரண்டுக்கும் ஆமாம் என்றார். அரசு ஊழியரா என்று கேட்டதற்கும் ஆமாம் என்றார். வேலை போகும் என்று இன்ஸ்பெக்டர் கோபமில்லாமல் சொன்னார்.

ஆம்புலன்சில் கௌஷிக்கையும் ஷ்ரவணையும் ஏற்றினார்கள். அடுத்த ஆம்புலன்சு வரத் தாமதமாகும் என்றதால் மாணிக்கவாசகத்தைப் போலீஸ் வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கேட்டிலிருந்து விடுவித்த உடைந்த கையை ஒரு விளம்பர அட்டையில் வைத்துத் துணியால் சுற்றியிருந்தார்கள். எதிர்ச் சீட்டில் ஓம்பால் விலங்கோடு சாய்ந்திருந்தான். முகம் வீங்கி அடையாளம் தெரியவில்லை. வேன் கேட்டைத் தாண்டும்போது, டிக்கெட் பணத்தைத் திருப்பி வாங்க வரிசையில் நின்ற குடும்பங்கள் கம்பி வலை வழியாகத் தெரிந்தன. ஒரு சின்னப் பெண் வெயிலுக்குப் பூங்காவின் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு அம்மாவின் கையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஓம்பால் உடைந்த தாடையை அசைக்காமல், தொண்டையிலிருந்து ஏதோ கேட்டான். மாணிக்கவாசகம் முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்தார். மூடிவிட்டார்களா என்று கேட்கிறான் என்று புரிந்தது.

"பந்த்" என்றார். மூடியாச்சு.

ஓம்பால் கண்ணை மூடிக்கொண்டான். வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மாணிக்கவாசகம் கையைப் பிடித்துக்கொண்டு முனகினார்.